சர்வர் மெமரியை பிராசஸ் வாரியாக அளப்பது எப்படி: பங்கு போட்டுப் பார்க்கிற கணக்கு

மண்டபம் ஊரில் மீன் கொள்முதல் செய்கிற ஒரு கம்பெனிக்கு நான்தான் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். பெரிய எந்திரம் இல்லை. 4 ஜிபி மெமரி, அது போதாதபோது ஒதுக்கிவைக்க டிஸ்க்கில் 1 ஜிபி ஸ்வாப், உபுண்டு லினக்ஸ், அதன் மேல் வெப் சர்வர் இன்ஜின்எக்ஸ், பில் புரோகிராமுக்கு பிஎச்பி, டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ். படகு வாரியாக எடை, விலை, ஐஸ் கணக்கு, டீசல் முன்பணம் எல்லாம் அதில்தான் ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அந்த சர்வர் சும்மா கிடக்கும். தடை முடிந்து போன படகுகள் முதல் முறையாகக் கரை திரும்புகிற காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பில் போட உட்காருவார்கள். அப்படி ஒரு காலை ஆறு மணிக்கு அங்கே கணக்கு பார்க்கிற தம்பி போன் செய்தான். "அண்ணே, பில் போட முடியல, திரை வெள்ளையா நிக்குது, வெளியில வண்டியில மீன் ஏத்திக்கிட்டு இருக்காங்க."

அன்றைக்கு நான் செய்த தவறு மெமரியைத் தப்பாக அளந்ததுதான். புதிதாக லினக்ஸ் சர்வர் பார்க்க வருகிற கிட்டத்தட்ட எல்லாரும் அதே தவறைச் செய்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். கமாண்டுகளை உச்சரிப்பில் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். கோடு போட்டு ஒற்றை எழுத்து வந்தால் அது அந்த எழுத்தின் பெயர்.

முதலில் எந்திரம் முழுவதையும் பாருங்கள்

பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு புரோகிராம், அந்தப் பக்கம் போவதற்கு முன்னால் "ஃப்ரீ -எச்" என்று தட்டுங்கள். வருகிற கட்டத்தில் ஃப்ரீ என்ற எண்ணைப் பார்த்துத்தான் புதியவர்கள் பயப்படுவார்கள். 3.8 ஜிபி-யில் 180 எம்பி-தான் ஃப்ரீ என்று காட்டும், அய்யோ மெமரி தீர்ந்துவிட்டது என்று தோன்றும். தீரவில்லை. லினக்ஸ் சும்மா கிடக்கிற மெமரியை எல்லாம் படித்த ஃபைல்களை வைத்திருக்கப் பயன்படுத்திக்கொள்ளும், அதுதான் பஃப்/கேஷ் என்ற எண். நம் கடற்கரையில் காலியாகக் கிடக்கிற மணலில் வலையை விரித்துக் காயப்போடுவார்கள் இல்லையா, படகு ஏற்ற இடம் வேண்டுமென்றால் சுருட்டிவிட்டு இடம் கொடுப்பார்கள், அந்த மாதிரி. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசியில் வருகிற அவெய்லபிள். ஸ்வாப்புக்குப் போகாமல் புது வேலைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று லினக்ஸின் மையமான கர்னலே மதிப்பிட்டுச் சொல்கிற எண் அது, 2014-இல் வந்த 3.14 கர்னலில் இருந்து இருக்கிறது. அவெய்லபிள் 1.2 ஜிபி இருந்தால் ஃப்ரீ 180 எம்பி என்பதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேஷ் என்று காட்டுவது எல்லாமே சுருட்டக்கூடிய வலை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே வரியில் ஷேர்டு என்று ஒரு எண் வரும். போஸ்ட்கிரெஸின் பொது மெமரி, மெமரியிலேயே ஃபைல் வைக்கிற டிஎம்பிஎஃப்எஸ்-இல் கிடக்கிற ஃபைல்கள் எல்லாம் அதில் அடங்கும். அவை கேஷ் கணக்கில் நின்றாலும் கர்னல் நினைத்தவுடன் தூக்கி எறிய முடியாது, மிஞ்சிப்போனால் ஸ்வாப்புக்குத் தள்ளலாம். ஆகவே கேஷ் முழுவதையும் காலி இடமாக எண்ணாதீர்கள், அவெய்லபிள் அதையும் கழித்துத்தான் சொல்கிறது.

சரி, அடுத்து "விஎம்ஸ்டாட் 5" தட்டிவிட்டு அரை நிமிடம் பாருங்கள். எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு எண்கள் ஸ்வாப்பில் இருந்து உள்ளே வருவதும் வெளியே போவதும். முதல் வரி சர்வர் ஏறிய நாளில் இருந்து உள்ள சராசரி, அதை விட்டுவிடுங்கள். அடுத்தடுத்த வரிகளில் இரண்டும் பூஜ்யமாகவே நின்றால் ஸ்வாப்பில் 400 எம்பி கிடந்தாலும் பரவாயில்லை, எப்போதோ ஒதுக்கப்பட்டது அங்கே தூங்குகிறது. இரண்டும் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் உண்மையிலேயே நெருக்கடி.

இனி பிராசஸ் பக்கம்

"டாப்" தட்டி, ஷிஃப்டோடு எம் அழுத்தினால் அதிக மெமரி எடுப்பவர் மேலே வருவார். படமாக எடுத்துவைக்க வேண்டும் என்றால் "பிஎஸ் ஏயூஎக்ஸ் --சார்ட்=-ஆர்எஸ்எஸ்" தட்டுங்கள், கூடவே ஹெட் சேர்த்தால் முதல் பத்து வரியோடு நிற்கும். இரண்டு எண்கள் கண்ணில் படும். ஒன்று விஎஸ்இசட், டாப்பில் அதன் பெயர் விர்ட். இன்னொன்று ஆர்எஸ்எஸ், டாப்பில் ரெஸ். பிஎஸ் காட்டுவது கிலோபைட்டில், 1024-ஆல் வகுத்தால் எம்பி.

விஎஸ்இசட்-ஐ நான் பார்ப்பதே இல்லை. ஒரு பிராசஸ் எனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்டு வைத்த முகவரி இடம் அது. கேட்டவுடன் கர்னல் உண்மையான மெமரியைக் கொடுத்துவிடுவதில்லை, பிராசஸ் அந்த இடத்தைத் தொட்டு எழுதும்போதுதான் 4 கேபி பக்கம் பக்கமாகக் கொடுக்கும். ஜாவா புரோகிராம் 6 ஜிபி விர்ட் காட்டிக்கொண்டு 300 எம்பி-யில் நிம்மதியாக ஓடும்.

ஆர்எஸ்எஸ் அப்படி இல்லை, இந்த நிமிடம் ரேமில் உண்மையாகவே இருக்கிற பக்கங்களின் அளவு அது. ஒரு பிராசஸைத் தனியாகப் பார்க்க நல்ல எண்தான். ஆனால் அதைக் கூட்டக் கூடாது. அன்று காலை சர்வரை மறுபடி தூக்கி நிறுத்திய கையோடு நான் எல்லா பிராசஸின் ஆர்எஸ்எஸ்-ஐயும் கூட்டினேன், 9 ஜிபி வந்தது. 4 ஜிபி எந்திரத்தில் 9 ஜிபி எப்படி இருக்க முடியும் என்று அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். மிச்சம் ஸ்வாப்பில் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்வாப்புக்குப் போன பக்கம் ஆர்எஸ்எஸ்-இல் வரவே வராது, அது எனக்குத் தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் மறந்துபோனது. முதலாளியிடம் 8 ஜிபி எந்திரம் எடுக்கச் சொன்னேன். எடுத்தார். இரண்டாவது மாதமே அந்த எந்திரமும் அதே காலை நேரத்தில் விழுந்தது.

கூட்டினால் ஏன் தப்பு என்பதற்கு நம் ஊர்க் கணக்கையே சொல்கிறேன். ஒரு படகில் ஐந்து பேர் போகிறார்கள், அந்தப் போக்குக்கு டீசல் 20,000 ரூபாய். ஐந்து பேர் வீட்டிலும் போய் "உங்க ஆள் போன படகுக்கு டீசல் எவ்வளவு?" என்று கேட்டால் ஐந்து வீட்டிலும் 20,000 என்றுதான் சொல்வார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. அந்த ஐந்து பதிலையும் கூட்டி, டீசலுக்கு ஒரு லட்சம் ஆயிற்று என்று எழுதினால்தான் தப்பு. பிராசஸ்களும் இப்படித்தான் ஒரே பக்கத்தைப் பல பேர் சேர்ந்து பயன்படுத்துகின்றன. சிஸ்டம் லைப்ரரிகள் ஒரு பிரதிதான் ரேமில் இருக்கும். வேலையைப் பிரித்துச் செய்கிற பிஎச்பி பிராசஸ்களை வொர்க்கர் என்பார்கள், மொழிமாற்றிய நிரலை வைத்திருக்கிற ஆப்கேஷ் எல்லா வொர்க்கருக்கும் பொது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி பிராசஸ், அதன் பொது மெமரியான ஷேர்டு பஃபர் எல்லா கனெக்‌ஷனுக்கும் பொது. ஒவ்வொரு பிராசஸின் ஆர்எஸ்எஸ்-இலும் அது தொட்ட பொதுப் பக்கம் முழுதாக ஏறிவிடும்.

பங்குக் கணக்கு: பிஎஸ்எஸ், யுஎஸ்எஸ்

கரையில் செலவைப் பங்கு போட்டுக் கழிப்பது போலவே கர்னலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, பெயர் பிஎஸ்எஸ். ஒரு பக்கத்தை நான்கு பிராசஸ் பயன்படுத்தினால் ஒவ்வொன்றின் பெயரிலும் 1 கேபி மட்டும் எழுதும். தனக்கே உரிய பக்கங்களை முழுதாக எழுதும். 2008-இல் வந்த 2.6.25 கர்னலில் இருந்து இது இருக்கிறது. இதைத் தாராளமாகக் கூட்டலாம். யுஎஸ்எஸ் என்பது பங்கே இல்லாத, அந்த பிராசஸுக்கு மட்டும் சொந்தமான பக்கங்கள். இந்த பிராசஸை நிறுத்தினால் உடனே எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

எங்கள் சர்வரில் அன்றைய நிலவரத்தை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். பிஎச்பி வொர்க்கர் 30. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 22 எம்பி, எல்லாருக்கும் பொதுவாக 60 எம்பி. ஆர்எஸ்எஸ் ஆளுக்கு 82, முப்பதையும் கூட்டினால் 2,460 எம்பி. பிஎஸ்எஸ் ஆளுக்கு 22-உம் அறுபதில் முப்பதில் ஒரு பங்கு 2-உம் சேர்ந்து 24, மொத்தம் 720. உண்மையில் ரேமில் இருந்தது முப்பது தரம் 22, கூட ஒரே ஒரு 60, அதுவும் 720-தான். நான் இல்லாத 1,740 எம்பி-க்குப் பயந்து எந்திரம் வாங்க வைத்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் கதை இன்னும் மோசம். ஷேர்டு பஃபர் 1 ஜிபி வைத்து 25 கனெக்‌ஷன் ஓடியது, ஒவ்வொரு கனெக்‌ஷனும் நாள் போகப் போக அந்த ஒரு ஜிபி-யில் அதிகம் அதிகமாகத் தொட்டுக்கொண்டே போகும், அதன் ஆர்எஸ்எஸ் ஏறிக்கொண்டே போகும், பார்ப்பவர் லீக், அதாவது வேலை முடிந்த மெமரியை விடுவிக்காமல் வளர்ந்துகொண்டே போகிற கோளாறு, என்று நினைத்துவிடுவார். பங்கு போட்டுப் பார்த்தபோது போஸ்ட்கிரெஸ் மொத்தமே 1.2 ஜிபி.

இதை எடுக்க இரண்டு வழி. ஒரு பிராசஸ் மட்டும் என்றால் அதன் எண்ணைக் கண்டுபிடித்து, நிர்வாகி உரிமை தருகிற சுடோ போட்டு, ப்ராக் டைரக்டரிக்குள் அந்த எண்ணுக்குள் இருக்கிற ஸ்மேப்ஸ்_ரோல்அப் ஃபைலை கேட் கமாண்டால் படியுங்கள். ஆர்எஸ்எஸ், பிஎஸ்எஸ், ஸ்வாப்பிஎஸ்எஸ் எல்லாம் இருபது சொச்சம் வரியில் வரும். ப்ரைவேட்_க்ளீன், ப்ரைவேட்_டர்ட்டி இரண்டையும் கூட்டினால் யுஎஸ்எஸ். 2017-இல் வந்த 4.14 கர்னலுக்கு முந்தைய எந்திரம் என்றால் ரோல்அப் இருக்காது, ஸ்மேப்ஸ் ஃபைலையே படித்துப் பிஎஸ்எஸ் வரிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எல்லா பிராசஸும் வேண்டும் என்றால் ஸ்மெம் என்ற கருவியை நிறுவிக்கொள்ளுங்கள், உபுண்டுவில் ஆப்ட் இன்ஸ்டால் ஸ்மெம் போதும். "சுடோ ஸ்மெம் -டி -கே" என்று, டோட்டலில் வருகிற சின்ன எழுத்து டி, தட்டினால் ஸ்வாப், யுஎஸ்எஸ், பிஎஸ்எஸ், ஆர்எஸ்எஸ் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் வரும், அடியில் மொத்தம் வரும். சுடோவை விட்டுவிட்டால் உங்கள் பெயரில் ஓடுகிறவை மட்டும்தான் வரும், மொத்தம் குறைவாகத் தெரிந்து ஏமாந்துபோவீர்கள். பிராசஸில் வருகிற பெரிய எழுத்து -பி போட்டு பிஎச்பி என்று கொடுத்தால் அந்தப் பெயர் உள்ளவை மட்டும். அப்போது ஸ்மெம் தன்னையும் பட்டியலில் ஒரு வரியாகக் காட்டும், ஏனென்றால் அதன் கமாண்டிலும் அந்தச் சொல் இருக்கிறது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு தரம் இதை ஓட்டவும் வேண்டாம். இந்தக் கணக்குக்காகக் கர்னல் ஒவ்வொரு பிராசஸின் பக்கங்களையும் நடந்து நடந்து எண்ணுகிறது, பெரிய டேட்டாபேஸ் ஓடும் எந்திரத்தில் அதுவே ஒரு பாரம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தாராளம்.

எச்டாப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. அது ஒரே பிராசஸின் த்ரெட்களையும் தனித்தனி வரியாகக் காட்டும், எல்லா வரியிலும் அதே மெமரி எண் திரும்பத் திரும்ப வரும். ஷிஃப்டோடு எச் அழுத்தி அவற்றை மறைத்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

செத்துப்போன பிராசஸை அளப்பது

இந்தப் பகுதிதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. பங்கு போட்டுக் கூட்டியபோது எங்கள் சர்வரில் எல்லாம் சேர்ந்து 2.2 ஜிபி கூட வரவில்லை. பிறகு ஏன் விழுந்தது? நான் அளக்கும் நேரத்தில் குற்றவாளி அங்கே இல்லை என்பதுதான் காரணம்.

மெமரி முற்றிலும் தீர்ந்துபோனால் கர்னல் ஒரு பிராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும், ஓஓஎம் கில்லர் என்பார்கள். "சுடோ டிமெஸ்ஜி -டி" தட்டி, அந்த டி டைமில் வருகிற பெரிய எழுத்து, அவுட் ஆஃப் மெமரி என்ற வரியைத் தேடுங்கள். எந்திரம் அதற்குள் ரீபூட் ஆகியிருந்தால் "ஜர்னல்சிடிஎல் -கே -பி -1", அந்த பி பூட்டில் வருகிற சின்ன எழுத்து, போன தடவை ஓடியதன் கர்னல் பதிவைக் காட்டும். கொல்லப்பட்டவர் யார் என்று அந்த வரியில் இருக்கும், கூடவே அனான்-ஆர்எஸ்எஸ், ஃபைல்-ஆர்எஸ்எஸ், ஷெமெம்-ஆர்எஸ்எஸ் என்று பிரித்த கணக்கும் இருக்கும். அங்கேயே நின்றுவிடாதீர்கள். கொல்லப்பட்டது போஸ்ட்கிரெஸ் என்றால் தின்றது போஸ்ட்கிரெஸ் என்று அர்த்தம் இல்லை, அந்த நொடியில் கர்னல் போட்ட புள்ளி யாருக்கு அதிகமோ அவரைத்தான் அது தேர்ந்தெடுக்கும். போஸ்ட்கிரெஸின் ஒரே ஒரு கனெக்‌ஷன் இப்படிக் கொல்லப்பட்டால் கூட அது மற்ற எல்லா கனெக்‌ஷனையும் துண்டித்துவிட்டு மீட்பு வேலையில் இறங்கிவிடும். தம்பி பார்த்த வெள்ளைத் திரை அதுதான்.

அந்த வரிக்கு மேலே ஒரு நீளமான அட்டவணை இருக்கும். சாகும் நொடியில் யார் யார் உயிரோடு இருந்தார்கள், யாரிடம் எவ்வளவு இருந்தது என்ற பட்டியல். அதில் ஆர்எஸ்எஸ் என்று வருவது கிலோபைட் இல்லை, பக்கங்களின் எண்ணிக்கை, நான்கால் பெருக்க வேண்டும். முதல் தடவை இதைக் கவனிக்காமல் நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். பைதான் என்ற பெயரில் 2,30,400 என்று இருந்தது, ஏதோ 225 எம்பி என்று விட்டுவிட்டேன். நான்கால் பெருக்கினால் 9,21,600 கிலோபைட், சரியாக 900 எம்பி. அதே மாதிரி பல வரிகள் கீழே நின்றன. முதல் விழுகையின் பதிவைத் தேடி எடுத்தால் அதிலும் அதே பெயர், முழுசாக வளர்வதற்குள் எந்திரம் நிரம்பிவிட்டிருந்தது.

அது என்னவென்றால், படகு வாரியாக வருட அறிக்கை எடுக்கிற பட்டன் ஒன்று இருந்தது. அழுத்தினால் ஒரு பைதான் புரோகிராம் வருடத்தின் எல்லா வரிகளையும் மெமரிக்குள் ஏற்றிக்கொண்டு இரண்டு நிமிடம் ஓடிவிட்டுப் போய்விடும். பங்கு போட அதில் எதுவும் இல்லை, 900-உம் சொந்த மெமரி. சாதாரண நாளில் ஒருவர்தான் அழுத்துவார். கூட்டம் நிற்கிற காலையில் ஒருவர் அழுத்தி, வரவில்லையே என்று மறுபடி அழுத்தி, பக்கத்து மேசையில் இன்னொருவர் அழுத்தி, ஆறேழு பிராசஸ் ஒன்றாக ஓடியிருக்கிறது. 4 ஜிபி என்ன, 8 ஜிபி இருந்தாலும் அது நிரப்பிவிடும்.

குறுகிய நேரம் ஓடுகிற பிராசஸின் உச்சத்தைப் பிடிக்க எளிய வழி, "/யுஎஸ்ஆர்/பின்/டைம் -வி" என்று முன்னால் போட்டு அதை ஓட்டுவது. முடிந்தவுடன் மேக்சிமம் ரெசிடென்ட் செட் சைஸ் என்று கிலோபைட்டில் சொல்லும். முழுப் பாதையையும் தட்டுங்கள், வெறும் டைம் என்று தட்டினால் ஷெல்லின் சொந்த டைம் வந்துவிடும், அதில் மெமரி கணக்கு கிடையாது. ஓடிக்கொண்டிருக்கிற பிராசஸ் என்றால் ப்ராக்-இல் அதன் ஸ்டேட்டஸ் ஃபைலில் விஎம்எச்டபிள்யூஎம் என்ற வரியைப் பாருங்கள், அது இதுவரை தொட்ட உச்ச ஆர்எஸ்எஸ்.

சர்வீஸாகப் பார்ப்பது

சர்வீஸ்களைத் தொடங்கி நடத்துகிற சிஸ்டம்டி இருக்கிற எந்திரத்தில் "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்" போட்டு சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் மெமரி என்று ஒரு வரி வரும். அந்த சர்வீஸின் பிராசஸ்கள் எல்லாவற்றையும் ஒரே குழுவாகக் கர்னல் எண்ணிய கணக்கு அது, இரட்டை எண்ணிக்கை கிடையாது. எல்லா சர்வீஸும் வரிசையாக வேண்டும் என்றால் "சிஸ்டம்டி-சிஜிடாப் -எம்". ஆனால் இதில் அந்த சர்வீஸ் படித்த ஃபைல்களின் கேஷும் சேர்ந்திருக்கும், அதாவது சுருட்டக்கூடிய வலையும் சேர்ந்து. பேக்கப் எடுத்த மறுநாள் பேக்கப் சர்வீஸ் 2 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். அந்தக் குழுவின் மெமரி.ஸ்டாட் ஃபைலைத் திறந்து அனான் என்ற வரியைப் பாருங்கள், அது விட்டுக்கொடுக்க முடியாத சொந்த மெமரி. டாக்கர் கண்டெய்னருக்குள் நின்று ஃப்ரீ தட்டினால் வெளியே உள்ள முழு எந்திரத்தின் கணக்குதான் வரும், அங்கே "டாக்கர் ஸ்டாட்ஸ்" பாருங்கள்.

எப்போது அளப்பது என்பது எதைக் கொண்டு அளப்பது என்பதைப் போலவே முக்கியம். மே மாதம் படகெல்லாம் கரையில் நிற்கும்போது அளந்த எண்ணை வைத்து ஜூன் 16 காலைக்குத் திட்டம் போட முடியாது. எங்கள் சர்வரில் இப்போது, குறித்த நேரத்தில் தானாகக் கமாண்டை ஓட்டுகிற க்ரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நேரம், அவெய்லபிள், ஸ்மெம்மின் முதல் பதினைந்து வரி, மூன்றும் ஒரு ஃபைலில் ஏறுகின்றன. லீக் இருக்கிறதா என்பதும் இதில்தான் தெரியும். ஒரு பிராசஸின் யுஎஸ்எஸ் கூட்டம் வந்தபோது ஏறி அப்படியே நின்றால் பெரும்பாலும் லீக் இல்லை, விடுவித்த மெமரியைப் புரோகிராம் கர்னலிடம் திருப்பித் தராமல் கையில் வைத்திருக்கும், அடுத்த கூட்டத்துக்கு அதையே பயன்படுத்திக்கொள்ளும். கூட்டம் இல்லாத நாளிலும் தினம் தினம் ஏறிக்கொண்டே போனால் அது லீக். பிஎச்பி என்றால் மூல காரணம் பிடிபடும் வரை பிஎம்.மேக்ஸ்_ரிக்வெஸ்ட்ஸ் வைத்து வொர்க்கரைக் குறிப்பிட்ட எண்ணிக்கை ரிக்வெஸ்ட்டுக்குப் பிறகு மாற்றிக்கொண்டிருக்கலாம்.

வொர்க்கர் எண்ணிக்கையையும் இந்தக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள். பிஎச்பி-க்கு 1 ஜிபி ஒதுக்கலாம் என்றால் முதலில் பொதுவான 60-ஐ ஒரே தரம் கழியுங்கள், மீதி 964-ஐ யுஎஸ்எஸ் 22-ஆல் வகுங்கள், 43 வரும். நான் 36 வைத்திருக்கிறேன், மிச்சம் கைக்காவல். ஆர்எஸ்எஸ் 82-ஆல் வகுத்திருந்தால் 12 வொர்க்கரோடு நின்றிருப்பேன், காலையில் வரிசை வாசல் வரை போயிருக்கும்.

அறிக்கை பட்டனைத் தனி சர்வீஸாக்கி, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்படி வரிசையில் போட்டு, அதன் யூனிட் ஃபைலில் மெமரிமேக்ஸ்=1200எம் என்று எழுதினேன். அந்த அளவைத் தாண்டினால் அது மட்டும் சாகும், போஸ்ட்கிரெஸைத் தொடாது. அதற்குப் பிறகு முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி எந்திரத்தை மறுபடி 4 ஜிபி-க்கே இறக்கிவிட்டோம். வொர்க்கர்களும் போஸ்ட்கிரெஸும் ஒரு அறிக்கையும் ஒன்றாக ஓடும்போது பதிவில் அவெய்லபிள் 600 எம்பி-க்குக் கீழே போன வரி இதுவரை ஒன்றுகூட இல்லை.